எடையும் தள்ளாட்டமும்: ஓர் இளம்பெண்ணின் உடல் எப்படி நேராக நிற்கிறது

செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துத் தரையில் நில்லுங்கள். கைகளைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் அப்படியே இருங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் சுவர் இருக்கட்டும். பத்து நொடிக்குள் பாதத்தில் ஒரு பரபரப்பு தெரியும். கட்டைவிரல் தரையை அழுத்தும், விடும். கெண்டைக்கால் இறுகும், தளரும். உடல் கொஞ்சம் முன்னே சாயும், பிறகு பின்னே வரும். கண்ணைத் திறந்ததும் எல்லாம் அடங்கிவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் ஆட்டம் குறைகிறது, நிற்பதில்லை. உயிருள்ள எந்த மனித உடலும் அசையாமல் நிற்பது கிடையாது.

இந்த ஆட்டத்தை அளப்பதற்கென்றே ஓர் ஆய்வுத் துறை இருக்கிறது. அந்தத் துறையில் பல ஆண்டுகளாகக் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று: எடை கூடினால் தள்ளாட்டமும் கூடுமா? நோய்நொடி எதுவும் இல்லாமல் இருபதுகளில் இருக்கும் பெண்களிடம் எடைக்கும் நிலைப்புக்கும் என்ன உறவு?

எடை என்று பேச்செடுத்தாலே நம் வீடுகளில் அது தோற்றம், கல்யாணம், ரவிக்கை அளவு என்று போய்விடுகிறது. அந்த உடல் எவ்வளவு உறுதியாக நிற்கிறது, ஒரு தள்ளு வந்தால் தாங்குமா என்று கேட்பவர்கள் குறைவு. அந்தப் பெண்ணின் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும், நாற்பது வருடம் கழித்து அவள் இடுப்பெலும்புக்கும் இந்தக் கேள்விதான் முக்கியம்.

கணுக்காலில் நடக்கும் இழுபறி

உடலின் எடை முழுவதும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால் அந்தப் புள்ளி எங்கே இருக்கும்? இத்தாலிய அறிஞர் ஜியோவன்னி போரெல்லி இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்றைக் கையாண்டார். விலங்குகளின் இயக்கத்தைப் பற்றி 1680இல் வெளிவந்த அவருடைய நூலில் அது இருக்கிறது. கூர்மையான ஒரு விளிம்பின்மேல் பலகையை வைத்து, அதன்மேல் ஓர் ஆளைப் படுக்கவைத்து, பலகை எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும்வரை நகர்த்த வேண்டும். விளிம்புக்கு நேர்மேலே இருப்பது உடலின் எடை மையம். நிற்கும்போது இது தொப்புளுக்குக் கீழே, இடுப்புக்குள் இருக்கிறது. பெண்களுக்குச் சராசரியாக மொத்த உயரத்தில் 55 சதவீதத்தில் இருக்கும். ஆண்களுக்கு அதைவிட ஓரிரு சதவீதம் மேலே. 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்குத் தரையிலிருந்து ஏறக்குறைய 85 செ.மீ. பெண்ணுக்கு இடுப்பும் தொடையும் கனமாகவும் தோள் சற்று ஒடுங்கியும் இருப்பதால் வருவது இந்த வித்தியாசம். நிலைப்பைப் பொறுத்தவரை இது பெண்ணுக்குச் சாதகம்.

அந்த மையத்திலிருந்து நேர்கீழாக ஒரு கோடு இழுத்தால், அது கணுக்கால் மூட்டின்மேல் விழாது. நான்கைந்து செ.மீ. முன்னால், பாதத்தில் விழும். அதனால் நிற்கும் உடல் எந்நேரமும் முன்பக்கம் விழப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது கெண்டைக்கால் தசை. இந்தத் தசை குதிகாலில் போய்ச் சேரும் நாண், கணுக்கால் மூட்டுக்குப் பின்னால் சுமார் ஐந்து செ.மீ. தள்ளியிருக்கிறது.

இப்போது ஒரு தோராயக் கணக்கு. 50 கிலோ எடையுள்ள பெண் நிற்கிறாள். மூட்டுக்கு ஐந்து செ.மீ. முன்னால் 50 கிலோ கீழ்நோக்கி அழுத்துகிறது. ஐந்து செ.மீ. பின்னால் இரண்டு கெண்டைக்கால்களும் சேர்ந்து இழுக்கின்றன. தூரம் சமமாக இருப்பதால் இழுப்பும் சமமாக, அதாவது 50 கிலோ அளவுக்கு இருக்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் வெறுமனே நிற்பதற்கே உடலின் முழு எடைக்கு ஈடான இழுப்பு தேவைப்படுகிறது. 75 கிலோ என்றால் இழுப்பும் 75 கிலோ. அதே 75 கிலோவில் பெரும்பங்கு வயிற்றில் சேர்ந்து, மையம் ஒரே ஒரு செ.மீ. முன்னால் நகர்ந்துவிட்டால்? இழுப்பு 90 கிலோவாகிவிடும். எடை மெஷின் காட்டும் எண் மாறவில்லை. எடை இருக்கும் இடம் ஒரு செ.மீ. மாறியதற்கே 15 கிலோ கூடுதல் இழுப்பு.

உடல் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது. தோளைப் பின்னால் தள்ளி, கீழ்முதுகை வளைத்து, மையத்தைப் பழைய இடத்துக்கே கொண்டுவரப் பார்க்கும். கெண்டைக்காலின் சுமை குறையும்; அது கீழ்முதுகுக்குப் போய்ச் சேரும்.

உள்ளங்கையில் கம்பை நிறுத்தி விளையாடியவர்களுக்கு மீதிக் கதை எளிதாகப் புரியும். நீளக் கம்பு மெல்லச் சாயும். பென்சில் சட்டென்று விழும். ஒரே நீளத்தில் ஒரு மரக்கம்பையும் ஓர் இரும்புக் கம்பியையும் எடுத்துக்கொண்டால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சாயும். கனமாக இருப்பதால் ஒரு பொருள் வேகமாக விழுவதில்லை. இது உடலுக்கும் பொருந்தும். ஒரே உயரமுள்ள இரண்டு பெண்களில் கனமானவர் வேகமாக விழப்போவதில்லை. சாயத் தொடங்கிய உடலை நிமிர்த்த அவருக்குக் கூடுதல் பலம் வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். எடையோடு சேர்ந்து தசையும் வளர்ந்திருந்தால் நிலைப்பில் குறை எதுவும் தெரியாது. எடை ஏறி, தசை இருந்த இடத்திலேயே நின்றுவிட்டால்தான் சிக்கல். எடையையும் சமநிலையையும் பற்றிப் பேசும்போது நான் முதலில் பிடித்துக்கொள்ளச் சொல்வது இந்த விகிதத்தைத்தான்: எத்தனை கிலோ என்பதோடு, அதைத் தாங்கும் தசை எவ்வளவு, அந்தக் கிலோ எங்கே உட்கார்ந்திருக்கிறது.

தசையின் வேலையும் நாம் நினைப்பதுபோல் ஒரே சீரான பிடிப்பு கிடையாது. பிரிட்டனில் இயன் லோரம், மார்ட்டின் லேக்கி ஆகியோர் 2000களில், நிற்பவர்களின் கெண்டைக்காலை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். உடல் முன்னால் சாயும்போது தசை நீளும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அது சுருங்கியது. குதிகால் நாண் நீண்டு கொடுக்கிறது. அந்த நெகிழ்வை ஈடுகட்டத் தசை நொடிக்கு இரண்டு மூன்று முறை சிறுசிறு வெட்டிழுப்புகளால் உடலைப் பின்னால் எறிகிறது. கண்ணை மூடி நின்றபோது உங்கள் காலில் தெரிந்த பரபரப்பு இதுதான்.

ஆட்டத்தை அளப்பது எப்படி

கண்ணை மூடச்சொல்லிப் பார்க்கும் பழக்கம் பெர்லினில் பணியாற்றிய மருத்துவர் மோரிட்ஸ் ரோம்பெர்க் பெயரால் இன்றும் நடக்கிறது. 1840களில், முதுகுத் தண்டின் பின்பகுதி பழுதான நோயாளிகள் கண்ணைத் திறந்திருக்கும்வரை நின்று, மூடியதும் தள்ளாடி விழுவதை அவர் எழுதிவைத்தார். பாதத்திலிருந்து போகும் செய்தி மூளைக்குச் சேராதபோது கண் அந்தக் குறையை ஈடுகட்டிக்கொண்டிருந்தது. கண்ணும் மூடியதும் பிடிமானம் போயிற்று. இந்த நோயாளிகள் அடிக்கடி சொல்லும் புகார், முகம் கழுவும்போது தள்ளாடுகிறது என்பது. கண்ணை மூடி, குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை முகத்தில் அடிக்கும் அந்த நேரம்தான் உடல் தனியாக மாட்டிக்கொள்ளும் நேரம்.

இன்றைய ஆய்வகத்தில் இருப்பது விசைத் தகடு. தரையோடு தரையாகப் பதித்த சதுரப் பலகை. நான்கு மூலையிலும் அழுத்தம் அளக்கும் உணரிகள். ஆய்வுக்கு வந்த பெண் வெறுங்காலோடு அதன்மேல் ஏறி, எதிர்ச்சுவரில் ஒட்டிய புள்ளியைப் பார்த்துக்கொண்டு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ நிற்கிறாள். பிறகு அதையே கண்ணை மூடிக்கொண்டு. பாதத்தின் அழுத்தம் எந்தப் புள்ளியில் விழுகிறது என்பதை மெஷின் நொடிக்கு நூறு முறையோ அதற்கு மேலோ குறித்துக்கொள்கிறது. முடிவில் கணினித் திரையில் ஒரு கிறுக்கல் வரும். அதன் மொத்த நீளம், பரப்பளவு, முன்பின்னாக எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு, சராசரி வேகம் என்ன என்று கணக்கிடுவார்கள். விசைத் தகடு விலை அதிகம் என்பதால், வீடியோ கேமுக்காக நிண்டெண்டோ நிறுவனம் விற்ற வீ பேலன்ஸ் போர்டையே சில ஆய்வாளர்கள் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2010இல் வந்த ஒப்பீட்டில் அது நம்பும்படியான அளவுகளையே தந்தது.

கிறுக்கல் சிறிதாக இருந்தால் நல்லது, பெரிதாக இருந்தால் கெட்டது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. உயரமான மேடையின் விளிம்பில் நிறுத்தினால் நலமாக இருப்பவர்களும் பயத்தில் உடலை இறுக்கிக்கொள்கிறார்கள். ஆட்டம் சிறிதாகிறது, வேகம் கூடுகிறது. காகிதத்தில் பார்த்தால் அது உறுதி போலத் தெரியும். நிற்பவரைக் கேட்டால் தெரியும் அவர் நிலைமை. அதனால் பரப்பளவோடு வேகத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

நிற்கும் உடலுக்கு மூன்று வழியாகத் தகவல் வருகிறது. பாதத்தின் தோலும் தசையும் மூட்டும் சொல்வது ஒன்று. உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வது இன்னொன்று. கண் சொல்வது மற்றொன்று. நல்ல வெளிச்சத்தில் கெட்டியான தரையில் நிற்கும் ஆரோக்கியமான ஒருவர் ஏறக்குறைய 70 சதவீதம் முதல் வழியையும், 20 சதவீதம் உட்காதையும், 10 சதவீதம் கண்ணையும் நம்புகிறார் என்பது அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் பீட்டர்காவின் 2002ஆம் ஆண்டு ஆய்வை ஒட்டிப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தரை மெத்தென்று இருந்தால் இந்தப் பங்கீடு உடனே மாறிவிடும். கடற்கரை மணலில் பாதத்தை நம்ப முடியாது. உடல் காதுக்கும் கண்ணுக்கும் தாவிக்கொள்ளும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஜான் ஜெகா, ஜேம்ஸ் லாக்னர் இருவரும் 1994இல் வெளியிட்டது. ஒற்றை விரல் நுனியால் ஒரு கம்பியை லேசாகத் தொட்டுக்கொண்டு நின்றால் போதும், உடலின் ஆட்டம் பாதிக்குமேல் குறைந்துவிடுகிறது. அந்தத் தொடுதலின் விசை ஒரு நூறு கிராம் எடைகூட இல்லை. உடலைத் தாங்கும் பலம் அதற்குக் கிடையாது. அது தருவது தகவல் மட்டும். முதலில் சொன்ன பரிசோதனையை மறுபடி செய்யும்போது சுவரில் ஆள்காட்டி விரலைப் பட்டும் படாமலும் வையுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

கிலோ என்ன செய்கிறது

பி.எம்.ஐ. என்ற எண் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெத்தலே என்ற கணிதவியலாளர் மக்கள்தொகையைப் புரிந்துகொள்ளப் போட்ட கணக்கு அது. 1972இல் அமெரிக்காவின் ஆன்சல் கீஸ் இன்றைய பெயரை வைத்தார். தனி ஒருவரை எடைபோட அது உருவாக்கப்படவில்லை. 18.5க்குக் கீழே எடை குறைவு, 25க்கு மேல் அதிகம், 30க்கு மேல் உடல் பருமன் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பொது அளவு. ஆசிய உடல்களுக்கு 23லேயே கவனம் தேவை என்று அதே நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு இதைக் கிலோவாக்கினால் 18.5 என்பது 44 கிலோ, 23 என்பது 55 கிலோ, 25 என்பது 60 கிலோ, 30 என்பது 72 கிலோ.

ஆசியர்களுக்கு ஏன் தனி எல்லை என்பதற்குப் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்களையே சாட்சியாக நிறுத்தினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. பக்கத்தில் பக்கத்தில் எடுத்த படம். லண்டன்காரரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், புனேக்காரரின் உடலில் 21.2 சதவீதம். ஒரே எண், உள்ளே வேறு சரக்கு. ஆண்களை வைத்துச் சொன்னது என்றாலும், ஒல்லியாகத் தெரிந்தும் தசை குறைந்திருக்கும் நம் ஊர் இளம்பெண்களைப் பார்ப்பவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

இனி நேராக விஷயத்துக்கு வருவோம். கனடாவின் கியூபெக்கில் 2007இல் வெளிவந்த ஆய்வில் 59 பேரை விசைத் தகட்டில் நிறுத்தினார்கள். மிக ஒல்லியானவர்கள் முதல் மிகப் பருமனானவர்கள் வரை, பி.எம்.ஐ. 17இலிருந்து 64 வரை. ஆளுக்கு ஆள் ஆட்ட வேகத்தில் இருந்த வேறுபாட்டில் பாதிக்குமேல் எடை ஒன்றைக்கொண்டே விளக்க முடிந்தது. அதே வட்டாரத்தில் நடந்த மற்றோர் ஆய்வில், எடை குறைத்தவர்களின் ஆட்டமும் எடை குறைந்த அளவுக்கு ஏற்பக் குறைந்தது. எடைக்கும் தள்ளாட்டத்துக்கும் உறவு உண்டு என்பதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுபவை இவைதாம். இரண்டிலும் கலந்துகொண்டவர்கள் ஆண்கள் மட்டுமே.

பெண்களைத் தனியே எடுத்துப் பார்த்தால் படம் மாறுகிறது. 2009இல் வந்த இத்தாலிய ஆய்வு ஒன்று உடல் பருமன் உள்ள 22 ஆண்களையும் 22 பெண்களையும் ஒப்பிட்டது. முன்பின் ஆட்டம் இரு பாலருக்கும் கூடியிருந்தது. பக்கவாட்டு ஆட்டம் ஆண்களுக்கு மட்டுமே கூடியிருந்தது. கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதை வைத்து இதை விளக்குகிறார்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் வயிற்றிலும் மார்பிலும், அதாவது எடை மையத்துக்கு மேலே அல்லது முன்னே சேர்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதுவரை பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும், மையத்துக்குக் கீழே சேர்கிறது. கீழே சேரும் எடை உடலைக் கவிழ்ப்பதில் அவ்வளவு முனைப்புக் காட்டுவதில்லை. வயிற்றில் சேர்வது அப்படி இல்லை. மேலே போட்ட 90 கிலோ கணக்கை நினைத்துப் பாருங்கள்.

ஆரோக்கியமான எடை வரம்புக்குள், அதாவது 155 செ.மீ. பெண்ணுக்கு 44 முதல் 55 கிலோ வரை என்று வைத்துக்கொண்டால், இருபது வயதில் எடையைக் கொண்டு சமநிலையைக் கணிப்பது கடினம். பெண்களைத் தனியே எடுத்து அளந்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒரே திசையைக் காட்டவில்லை. 17இலிருந்து 64 வரை விரிந்த கூட்டத்தில் எடை பெரிய காரணமாகத் தெரிவது இயல்பு. சின்ன வரம்புக்குள் வந்துவிட்டால் தசைப் பலம், பழைய சுளுக்கு, பயிற்சி, முந்தின இரவு தூங்கிய தூக்கம் எல்லாம் எடையை முந்திக்கொண்டு வந்து நிற்கும். 52 கிலோவிலிருந்து 49க்கு இறங்கினால் உறுதியாக நிற்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பட்டினி கிடந்து இறக்கிய மூன்று கிலோவில் தசையும் கொஞ்சம் போயிருக்கும்.

கனத்துக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. ஒரே அளவு தள்ளு வந்தால் கனமான உடல் குறைவாகவே நகரும். சுமோ மல்லர்கள் எடையைத் தேடிச் சேர்ப்பது இதற்காகத்தான். அவர்கள் அந்த எடைக்கு இணையாகத் தொடையையும் இடுப்பையும் வளர்த்திருக்கிறார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது.

எடை குறைவாக இருப்பவர்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 24 சதவீதம் பேருக்கு எடை அதிகம். கிட்டத்தட்ட 19 சதவீதம் பேருக்கு எடை குறைவு. தமிழ்நாட்டில் எடை கூடியவர்கள் 40 சதவீதம். ஒரே தெருவில் இரண்டும் இருக்கிறது. எடை குறைந்த பெண் விசைத் தகட்டில் அழகாக நின்றுவிடலாம். தள்ளினால் நிமிர்த்திக்கொள்ளத் தசை வேண்டும், விழுந்தால் தாங்க எலும்பு வேண்டும். எலும்பின் அடர்த்தி முப்பது வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்குகிறது. அதற்குள் சேர்த்ததுதான் சேமிப்பு.

நிற்கும்போது தெரியாதது, தள்ளினால் தெரியும்

அசையாமல் நிற்பது பாதிப் பரீட்சை. மீதி டவுன் பஸ்ஸில் நடக்கிறது. ஓட்டுநர் மெல்லப் பிரேக் பிடித்தால் கணுக்கால் மட்டும் வேலை செய்து உடலை நிமிர்த்திவிடுகிறது. கொஞ்சம் வேகமாகப் பிடித்தால் இடுப்பு மடங்குகிறது. மேலுடல் ஒரு பக்கம், கீழுடல் மறுபக்கம் என்று வெட்டி மையத்தை உள்ளே இழுக்கிறது. அதற்கும் மேல் போனால் ஓர் அடி எடுத்துவைத்தே ஆக வேண்டும். கணுக்கால், இடுப்பு, அடி என்ற இந்த வரிசையை அமெரிக்காவில் லூயிஸ் நாஷ்னரும் ஃபே ஹோராக்கும் 1980களில், நகரும் மேடையில் ஆட்களை நிறுத்தி விவரித்தார்கள். தள்ளு வந்து பத்தில் ஒரு நொடிக்குள் கெண்டைக்கால் தசை விழித்துக்கொள்கிறது.

எடையின் பாதிப்பு வெளிப்படுவது இங்கேதான். கனமான உடல் வேகம் எடுத்துவிட்டால் அதை நிறுத்தக் கூடுதல் விசை வேண்டும். அதுவும் நொடியின் அதே சிறு பகுதிக்குள் வேண்டும். தசைக்கு மொத்தப் பலம் இருந்தும், அது சட்டென்று எழவில்லை என்றால் பயனில்லை. நின்றபடி அளந்தபோது ஒன்றும் தெரியாத பெண்ணுக்குப் படி இறங்கும்போதும், ஈரத் தரையில் திரும்பும்போதும் குறை தெரிவது இதனால்.

பாதத்தின் அடித்தோலும் கணக்கில் வர வேண்டும். கூடுதல் எடை பாதத்தின் வளைவைத் தட்டையாக்கி, முன்பாதத்தில் அழுத்தத்தைக் கூட்டுகிறது. எந்நேரமும் அழுத்தத்தில் இருக்கும் தோலுக்கு நுட்பமான மாறுதல்களைக் கண்டுகொள்வது கடினம் என்று கருதுகிறார்கள். பாதத்தைக் குளிர்வித்து மரத்துப்போகச் செய்தால் ஆரோக்கியமானவர்களுக்கும் ஆட்டம் கூடுகிறது. குதி உயர்ந்த செருப்பு வேறு வகையில் இதே தொந்தரவைத் தருகிறது: தரையைத் தொடும் பரப்பைக் குறைத்து, மையத்தை உயர்த்தி முன்னே தள்ளி, கெண்டைக்கால் தசையைக் குறுகிய நிலையிலேயே வேலைவாங்குகிறது.

ஒரு பெண்ணின் எடையும் மையமும் சில மாதங்களில் மிக வேகமாக மாறுவது கர்ப்ப காலத்தில். இதற்கென்று முதுகெலும்பிலேயே ஏற்பாடு இருப்பதை 2007இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. கேத்தரின் விட்கம், லீசா ஷாப்பிரோ, டேனியல் லீபர்மன் ஆகிய மூவரும் செய்தது அது. கீழ்முதுகை வளைக்கும் ஆப்பு வடிவ முள்ளெலும்புகள் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு மூன்று. இதனால் வயிறு முன்னே வளர வளர, அவள் பின்னே சாய்ந்து மையத்தை இடுப்பு மூட்டுக்கு மேலே வைத்துக்கொள்ள முடிகிறது. பல லட்சம் வருடங்களுக்கு முந்தைய ஆதி மனித இனமான ஆஸ்திரலோபித்தகஸின் எலும்புகளிலும் இந்த ஆண்-பெண் வித்தியாசத்தின் தடயம் இருந்தது. இத்தனை ஏற்பாடு இருந்தும், அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில் நான்கில் ஒரு பெண் கர்ப்ப காலத்தில் ஒரு முறையாவது விழுந்ததாகச் சொன்னாள். ஏழாம் மாதத்தில் வழுக்கும் குளியலறையைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் எச்சரிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

எடையைக் குற்றம்சாட்டுவதற்கு முன்

இளம்பெண்ணுக்குத் தள்ளாட்டம் என்றால் "எடையைக் குறை" என்றோ "ஒழுங்காகச் சாப்பிடு" என்றோ சொல்லிவிட்டு நகர்வது எளிது. சில காரணங்கள் எடையோடு சம்பந்தமே இல்லாதவை. வைட்டமின் பி12 குறைவு முதுகுத் தண்டின் பின்பகுதியைத் தாக்கும். ரோம்பெர்க் பார்த்த அதே தடம். பால், முட்டை, இறைச்சி மூன்றும் குறைந்த சாப்பாடு சாப்பிடுபவர்களுக்கு இது வரும். பாதத்தில் மரத்த உணர்வு, எறும்பு ஊர்வது போன்ற கூச்சம், முகம் கழுவும்போதோ தலைக்குக் குளிக்கும்போதோ தள்ளாட்டம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். ரத்தசோகையால் வரும் கிறுகிறுப்பு வேறு. உட்கார்ந்து எழும்போது கண் இருட்டுவது வேறு. படுக்கையில் புரண்டால் அறை சுற்றுவது காதின் கோளாறு. இவை திடீரென்று வந்தாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நோய் எதுவும் இல்லை என்றால் சமநிலையைப் பயிற்சியால் வளர்க்கலாம். எடை எதுவானாலும் இது நடக்கும், எடை குறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் உங்கள் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். 18 முதல் 39 வயது வரை உள்ளவர்கள் கண்ணைத் திறந்து ஒற்றைக் காலில் 40 நொடிக்குமேல் நிற்கிறார்கள். கண்ணை மூடினால் சராசரி 9 நொடியை ஒட்டி இறங்கிவிடுகிறது. கெண்டைக்காலுக்கு வேறொரு பரிசோதனை: சுவரில் விரல் வைத்து ஒற்றைக் காலில் நின்று குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்க வேண்டும். இயன்முறை மருத்துவர்கள் 25 முறை என்பதை இயல்பான பலமாகக் கொள்கிறார்கள். பத்திலேயே நடுங்கினால் எடை மெஷினை விட்டுவிட்டுக் கெண்டைக்காலைக் கவனியுங்கள்.

பரதம் பயின்றவர்களுக்கு இதில் ஒரு தொடக்க லாபம் உண்டு. அரைமண்டியில் முழங்கால் மடங்கி மையம் கீழிறங்குகிறது. அதே நிலையில் தொடை நெடுநேரம் உழைக்கிறது. ஒரு காலைத் தூக்கி நிற்கும் நிலைகள் அடிக்கடி வருகின்றன. மற்றவர்களுக்குப் பல் தேய்க்கும் நேரம் போதும். ஒரு காலில் ஒரு நிமிடம், மறுகாலில் ஒரு நிமிடம், வாஷ்பேசினை ஒட்டி நின்றபடி. அது எளிதானதும் மடித்த கம்பளியின் மேலோ கனத்த தலையணையின் மேலோ நில்லுங்கள். பாதத்தின் தகவல் மங்கி, காது கூடுதலாக உழைக்கும். கண்ணை மூடுவது கடைசி, அதுவும் சுவருக்குப் பக்கத்தில். வாரம் மூன்று நாள் குதிகால் தூக்கலும், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதும் சேர்ந்தால் தசையும் கூடவே வரும்.

இதனால் பலன் உண்டா என்றால், அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் பள்ளி மாணவர்களிடம் செய்து பார்த்து 2007இல் வெளியிட்ட முடிவு இருக்கிறது. முன்பு கணுக்கால் சுளுக்கிய பையன்களும் எடை கூடிய பையன்களும் பஞ்சு மெத்தை ஒன்றின்மேல் காலுக்கு ஐந்து நிமிடம் ஒற்றைக்காலில் நின்றார்கள். போட்டிப் பருவத்துக்கு முன் நான்கு வாரம் வாரத்துக்கு ஐந்து நாள், பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். மற்றொருவர் மோதாமல் தானாக ஏற்படும் கணுக்கால் சுளுக்கு 77 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடையைக் குறைக்கவில்லை.

கணுக்கால் சுளுக்கு ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக ஏற்படுகிறது. கல்லூரி நாளில் ஒருமுறை பிரண்ட கால், வீக்கம் வடிந்து வலி போன பிறகும் தகவல் அனுப்புவதில் மந்தமாகவே இருந்துவிடலாம். அந்தக் கால் மறுபடி மறுபடி பிரளும். பயிற்சி தொடங்கும்போது நன்றாக நிற்கும் காலிலேயே அதிக நேரம் நிற்பது எல்லாருக்கும் வரும் பழக்கம். முதலில் பழக்க வேண்டியது சுளுக்கிய காலை. அதற்கு நேரத்தையும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள்.